மூலைக்கு மூலை பிடிச்சீங்களா?

அண்ணன் மகன் எட்டு முடித்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான். கோடை விடுமுறையில் ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தான். கணக்கில் அவன் மக்கு இல்லை. சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் மளமளவென்று தீர்த்துவிடுவான். அதே கணக்கை நாலு வரி கதையாக எழுதிக் கொடுத்தால் போச்சு, பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்துவிடுவான்.

அன்று அவன் முன்னால் இருந்த கணக்கு இது: ஒரு செவ்வக மனையின் நீளம் அதன் அகலத்தைவிட 20 அடி அதிகம். சுற்றளவு 200 அடி. பரப்பளவு என்ன?

"எக்ஸ்னு எதை வைக்கணும் அத்தை?"

எக்ஸ் என்றுதான் வைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை என்றேன். தெரியாத ஆளைப் பற்றிப் பேசும்போது "அவரு" என்று சொல்வதில்லையா, அதுமாதிரிதான் இதுவும். அகலம் தெரியவில்லை, அதனால் அதற்கு "அ" என்று பேர் வை. நீளம் அதைவிட 20 அதிகம், ஆகவே அ + 20. இப்போது மனையைச் சுற்றி நடந்து வா. இரண்டு அகலம், இரண்டு நீளம்.

2அ + 2(அ + 20) = 200
4அ + 40 = 200
4அ = 160
அ = 40

அகலம் 40, நீளம் 60, பரப்பு 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் பாஷையில் சரியாக ஒரு கிரவுண்டு. விடை அழகாக வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அவனுக்கு இல்லை.

"அகலமே தெரியாதாம், ஆனா நீளம் அதைவிட 20 அடி ஜாஸ்தின்னு மட்டும் தெரியுமாம். டேப் வச்சு அளந்தவன் ரெண்டையும் எழுதி வச்சிருக்க மாட்டானா?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பாடப்புத்தகக் கணக்கில் தேவையானதை மட்டும் கணக்கு எழுதியவர் கொடுத்துவிடுவார், தேவையில்லாததை மறைத்துவிடுவார். வெளியே அப்படி யாரும் பொறுக்கித் தருவதில்லை. எதை அளப்பது, எதற்குப் பேர் வைப்பது என்று நாமேதான் முடிவு செய்தாக வேண்டும்.

அவனைச் சமாதானப்படுத்த ஃபிரிட்ஜ் வாங்கிய பில்லை எடுத்து வந்தேன். 18 சதவீதம் ஜிஎஸ்டி உட்பட 23,600 ரூபாய். வரிக்கு முன் விலை எவ்வளவு? உடனே 23,600க்கு 18 சதவீதம் போட்டான், 4,248 வந்தது. அதைக் கழித்து 19,352 என்றான். பெரியவர்களிலும் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன், நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டிருக்கிறேன். வரி போட்டது 23,600க்கு இல்லை, நமக்குத் தெரியாத அந்த விலைக்கு. அந்த விலைக்கு "வி" என்று பேர் வைத்தால் இப்படி வரும்:

வி + (18/100)வி = 23,600
(118/100)வி = 23,600
வி = 20,000

வரி 3,600. இதில் நான் அவனுக்குக் காட்ட விரும்பியது ஒரே ஒரு இடம்தான். கடைக்காரர் கேட்ட தொகையும், விலையும் வரியும் சேர்ந்த தொகையும் ஒன்றே. ஒரே பொருளை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறோம், அதற்கு நடுவில்தான் அந்தச் சமக்குறி. வார்த்தைக் கணக்கில் எது இரண்டு தடவை சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடிப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் அவனுக்கே வரும்.

இந்தச் சமயத்தில்தான் நாங்கள் மனை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். திருச்சி புதுக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வடக்கே பாதை. சதுர அடி 800 ரூபாய். தரகர் டேப்போடு வந்திருந்தார். பையனும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். அங்குலங்களை விட்டுவிட்டு முழு அடியாகவே சொல்கிறேன்: வடக்கு 65, கிழக்கு 70, தெற்கு 45, மேற்கு 60.

செவ்வகம் இல்லை, ஒரு பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. தரகருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "ஈசானிய மூலை வளர்ந்திருக்கும்மா, இந்த மாதிரி மனை கிடைக்காது" என்றார். செல்போனை எடுத்தார். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதி: கிழக்கு மேற்குக்கு 65, வடக்கு தெற்குக்கு 55. இரண்டையும் பெருக்கு, 3,575 சதுர அடி. எட்டு சென்ட்டுக்கு மேல். 28 லட்சத்து 60 ஆயிரம்.

வீட்டுக்கு வந்ததும் பையன் நோட்டில் போட்டுப் பார்த்தான். பெருக்கல் சரி. பெருமையாகத் தாத்தாவிடம் போய்க் காட்டினான். என் அப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டு நாலு எண்ணையும் பார்த்தார்.

"நாலு பக்கமும் அளந்தீங்க. மூலைக்கு மூலை பிடிச்சீங்களா?"

இல்லை.

"அப்ப என்னத்த அளந்தீங்க?"

அப்பா விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். ஐஸ் குச்சி நாலு கொண்டுவரச் சொன்னார், குண்டூசியால் முனைகளைக் கோத்து ஒரு சட்டம் மாதிரி செய்தார். மேலே விரலை வைத்துத் தள்ளினார், சட்டம் சாய்ந்தது. இன்னும் தள்ளினார், குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துவிட்டன. குச்சிகளின் நீளம் மாறவே இல்லை, உள்ளே இருந்த இடம் மட்டும் சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. அப்புறம் சட்டத்தை நிமிர்த்தி, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐந்தாவதாக ஒரு விளக்குமாற்று ஈர்க்கை வைத்துக் குத்தினார். ஆடவில்லை.

பையன் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்து ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தான். நானும்தான். பக்கங்களை மட்டும் தெரிந்துகொண்டு பரப்பைச் சொல்வது முக்கோணத்துக்குத்தான் முடியும். நாலு பக்கம் ஆனவுடனே இன்னும் ஓர் அளவு வேண்டும். இத்தனை வருஷம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் போனோம். வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப்பை இழுத்தோம். நடுவில் கருவேல முள், பையனின் பேன்ட் கிழிந்தது. 75 அடி.

"அறுபது, நாப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு" என்று முணுமுணுத்தார் அப்பா. "கன்னி மூலை மட்டமா இருக்குடா." கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை, மட்டம் என்றால் செங்கோணம். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மூன்றையும் 15 ஆல் வகுத்தால் 4, 3, 5. அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது மூலைமட்டம் வைக்கிற அதே மூன்று, நாலு, ஐந்து. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் என்று படிப்பது அப்பாவுக்குக் கயிற்றில் போட்ட முடிச்சாகத்தான் தெரியும்.

ஆக, தென்மேற்குப் பக்கத்து முக்கோணம் செங்கோணம். அதன் பரப்பு 60 × 45 இல் பாதி, 1,350. வடகிழக்குப் பக்கத்து முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள் 65, 70, 75. இதில் மட்டமான மூலை எதுவும் இல்லை. இதற்கு ஹெரான் சூத்திரம் வேண்டும், ஒன்பதாம் வகுப்பு அளவியல் பாடத்தில் வருவது. பையன் இன்னும் அதைப் படிக்கவில்லை, மனைவரப்பில் உட்கார்ந்தே படித்தான்:

மூன்றையும் கூட்டிப் பாதி: (65 + 70 + 75) / 2 = 105
அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி: 40, 35, 30
நாலையும் பெருக்கு: 105 × 40 × 35 × 30 = 44,10,000
வர்க்கமூலம்: 2,100

1,350 + 2,100 = 3,450 சதுர அடி. கட்டடக்காரர்கள் பாஷையில் முப்பத்து நாலரைச் சதுரம், அதாவது நூறு சதுர அடி ஒரு சதுரம். (பையனுக்கு இந்தச் சதுரமும் ஜியோமெட்ரி சதுரமும் குழம்பியது தனிக்கதை.) மனசு கேட்காமல் மற்ற இரண்டு மூலைகளுக்கும் டேப் பிடித்தோம். 93 அடியும் கொஞ்சமும். அதை வைத்துப் போட்டாலும் ஏறக்குறைய அதே 3,450தான்.

125 சதுர அடி காற்றில் போயிருக்கிறது. 800 ரூபாய் வீதம் ஒரு லட்சம். முத்திரைத்தாளுக்கு 7, பதிவுக்கு 2 என்று 9 சதவீதம் அதன்மேலும் போகும்.

தரகர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்ப்பக்கம் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். எதிர்ப்பக்கச் சராசரியைப் பெருக்குவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை, பழைய எகிப்தில் கோயில் நிலங்களையே அப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள். 628இல் நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் இதே முறையைச் சொல்லும்போது ஸ்தூலம், அதாவது தோராயம், என்று பேர் வைத்துத்தான் சொன்னார். என்னை உறுத்தியது வேறு. தோராயம் என்றால் சில நேரம் கூடும், சில நேரம் குறையும் என்றுதான் நினைப்போம். இது அப்படி இல்லை. நாலு மூலையும் மட்டமாக இருந்தால் சரியான விடை தரும். ஒரு மூலை சாய்ந்தாலும் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. இரண்டு பக்கங்களின் நீளம் தெரிந்த முக்கோணத்துக்கு அதிகபட்சப் பரப்பு அவற்றுக்கு நடுவில் இருக்கும் மூலை மட்டமாக இருக்கும்போதுதான், சாயச் சாயக் குறையும். சராசரிக் கணக்கோ எல்லா மூலையும் மட்டம் என்றே வைத்துப் பேசுகிறது. வாங்குபவருக்குச் சாதகமாக ஒரு தடவைகூட வராத தோராயம்.

பட்டாவை எடுத்துப் பார்த்தேன். அதில் ஹெக்டேர், ஏர் கணக்கு: 0 ஹெக்டேர் 3.20 ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076.4 சதுர அடி. 3.20ஐ அதால் பெருக்கினால் 3,444 வருகிறது. எங்கள் டேப்புக்கும் அரசாங்கக் கணக்குக்கும் ஆறு சதுர அடிதான் வித்தியாசம். பதில் பட்டாவிலேயே இருந்திருக்கிறது, அதை அடியாக மாற்ற யாருக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு மனைக்கு எத்தனை பாஷை! தரகர் சென்ட்டில் பேசுவார், பட்டா ஏரில் பேசும், அப்பாவின் தஞ்சாவூர்ச் சொந்தங்கள் இன்னும் குழி, மா என்பார்கள். ஒரு சென்ட் ஏன் 435.6 சதுர அடி என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடிக்கு ஒரு சங்கிலி செய்தார். 66ஐ 66ஆல் பெருக்கினால் 4,356. அப்படிப் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒன்று சென்ட். அந்தச் சங்கிலியின் அடிச்சுவடுதான் இன்றைக்கும் நம் பத்திரங்களில் ஓடுகிறது.

சர்வேயர்கள் வரையும் புலப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லைக்கோடு மட்டும் இருக்காது, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். ஏதோ கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் ஈர்க்கு அது. நிலத்தை முக்கோணங்களாக அறுக்காமல் அவர்கள் பரப்பே சொல்வதில்லை. 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைலுக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக வைத்துக்கொண்டே போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் இமயமலைவரை போனார்கள்.

அன்று வரப்பில் இருந்தபோது இன்னொன்றும் நடந்தது. பக்கத்து நிலத்தில் பழைய வட்டக்கிணறு. அதன் பரப்பைச் சொல் என்றார் அப்பா. பையன் பை, ஆரம் என்று ஆரம்பித்தான். "கிணத்துக்கு நடுவுல போய் ஆரத்த எப்படிடா அளப்ப?" கயிற்றைக் கைப்பிடிச்சுவரைச் சுற்றிப் பிடித்தார்கள், 33 அடி. சுவரின் வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்புக்குக் குறுக்கே பிடித்தார்கள், பத்தரை அடி. வட்டத்தில் பாதி, விட்டத்தில் பாதி, இரண்டையும் பெருக்கு: 16.5 × 5.25, சுமார் 86.6 சதுர அடி. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் இருக்கிற வழி இது. "பை எங்க போச்சு தாத்தா?" என்றான் பையன். அது கயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, சுற்றளவை அளந்தபோதே அளந்தாகிவிட்டது. சொல்லத் தெரியாமல் அப்பா சிரித்தார், நான்தான் சொன்னேன்.

தரகரிடம் போனில் சொன்னேன். கோபப்படவில்லை. ஓனரிடம் பேசிவிட்டு அடுத்த நாள் கூப்பிட்டார். "பத்திரத்துல 3,575ன்னே இருக்கும்மா, அத மாத்த வேணாம். சதுர அடிக்கு 20 ரூபா குறைச்சுக்கறோம், 780 போட்டுக்குங்க."

20 ரூபாய் குறைப்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டுப் பையனிடம் கொடுத்தேன். இந்தத் தடவை எதற்குப் பேர் வைப்பது என்று என்னைக் கேட்கவில்லை. நாம் கொடுக்க நினைக்கும் தொகை 3,450 × 800 = 27,60,000. அவர்கள் அதே மனையை 3,575 என்கிறார்கள். அப்படியானால் சதுர அடிக்கு விலை "வி" எவ்வளவு இருந்தால் இரண்டும் ஒன்றாகும்?

3,575வி = 27,60,000
வி = 772.03

780க்கு ஒத்துக்கொண்டால் 27,88,500. இன்னும் 28,500 ரூபாய் கூடுதல். அதைவிட, இல்லாத 125 சதுர அடி நம் பத்திரத்திலும் தொடரும், நாளைக்கு விற்கும்போது நாம் யாருக்காவது அதே கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். நான் மொத்தத் தொகையில் பேசினேன், பரப்பு பட்டாப்படி எழுத வேண்டும் என்றேன். இரண்டு வாரம் இழுத்து, ஒருவழியாக 27 லட்சத்து 60 ஆயிரத்துக்கே முடிந்தது.

அப்போதுதான் அவனுடைய பழைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. நீளம் தெரியாமல் வித்தியாசம் மட்டும் தெரிந்த மனை உலகத்தில் இல்லைதான். ஆனால் மொத்தம் தெரிந்து வீதம் தெரியாத பேரம் தினமும் இருக்கிறது. அவனிடம் சொன்னேன். "அப்ப புக்குல பேரத்தையே போட்டிருக்கலாம்ல" என்றான்.

பத்திரம் முடிந்து முள்கம்பி வேலி போட வேண்டும். சுற்றளவு 240 அடி, எட்டு அடிக்கு ஒரு கல்லுக்கால். எத்தனை கால்? "30" என்றான் பையன் உடனே. வட்டமாக மூடுகிற வேலி, அதனால் இடைவெளி எத்தனையோ கால் அத்தனை, அதுவரை சரி. ஆனால் மூலையில் கால் இல்லாமல் கம்பியை எப்படித் திருப்புவது? பக்கம் பக்கமாகப் போட வேண்டும். 60 அடிக்கு ஏழரை இடைவெளி, அதை எட்டாக்கு. 45க்கு ஆறு, 70க்கு ஒன்பது, 65க்கு ஒன்பது. மொத்தம் 32 என்றேன் நான்.

அப்பா இரண்டு பேர் கணக்கையும் பார்த்தார். "65 அடிக்கு எதுக்கு ஒன்பது? எட்டாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் ஒன்றரை அங்குலம் கூடும். கம்பி என்ன கோவிச்சுக்கவா போகுது? 31 போதும்." கொஞ்ச நேரம் கழித்து, "32ன்னே சொல்லு. இறக்கும்போது ஒண்ணு உடையும்" என்றார்.

ஒன்றும் உடையவில்லை. மிஞ்சின கால் மனையின் கன்னி மூலையில் சாய்ந்து கிடக்கிறது. பையன் ஊருக்குப் போகும்முன் அதன்மேல் கரிக்கட்டியால் 75 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.